டேனிஷ் குடியேறி வீட்டுப் பிள்ளை காட்டு வேலைக்குப் போனபோது: எலர்ஸ் கோக் பற்றி விவரம் தேவை

நெய்தல் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் வழக்கமான படிப்புகளை விட்டு வேறு துறையில் என்ன செய்தார்கள் என்பது பொருள். மொன்டானா மாநிலத்தின் எலர்ஸ் கோக்கை எடுத்துக்கொண்டேன். பெற்றோர் டேனிஷ் வம்சம், பிறந்த ஊர் போஸ்மன், படித்தது யேல், 40 ஆண்டு வனத்துறைப் பணி. இவ்வளவு கிடைத்துவிட்டது.

நான் பார்த்த குறிப்புகள் எல்லாம் "காட்டைக் காத்தவர்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் படித்தால் அந்த மனிதர் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போனார் என்பது புரியாது. மரத்தை எப்படி அளந்தார்கள், நாற்று எப்படி வளர்த்தார்கள், சாலையே இல்லாத மலையில் தீயை எப்படிக் கண்டுபிடித்தார்கள், இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: தீயணைப்புக்காகவே உழைத்தவர் 1935-இல் ஏன் தம் துறையின் தீயணைப்புக் கொள்கையையே எதிர்த்து எழுதினார்? அது எனக்குப் பிடிபடவில்லை.

கானகக்கணக்கு

நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முதலில் குடும்பம். அப்பா பீட்டர் கோக் டென்மார்க்கில் பிறந்தவர். 1860களில் அமெரிக்கா வந்தார். 1869-70 காலத்தில் மிசூரி ஆற்றோடு மசல்ஷெல் ஆறு சேரும் இடத்தில் நீராவிப் படகுகளுக்கு விறகு வெட்டிப் பிழைத்தார். பிறகு போஸ்மனில் வங்கி வேலை. அங்கே வேளாண் கல்லூரி தொடங்கவும் பாடுபட்டவர். எலர்ஸ் 1880-இல் பிறந்தார். மொன்டானா மாநிலமானது 1889-இல்தான், ஆக அவர் பிறக்கும்போது அது வெறும் ஆட்சிப்பகுதி. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள். அப்பா தலைமுறைக்குக் காடு என்றால் வெட்டி விற்கும் சரக்கு. மகன் தலைமுறையில் அதே காட்டை எண்ணி, அளந்து, எதை வெட்டலாம் எதை விடலாம் என்று தீர்மானிப்பது அரசாங்க வேலையாகிவிட்டது.

போஸ்மன் கல்லூரியில் 1901-இல் பட்டம், யேல் வனவியல் பள்ளியில் 1903-இல் முதுகலை. யேல் பள்ளி 1900-இல் பின்ஷோ குடும்பம் கொடுத்த பணத்தில் தொடங்கியது. கிஃபர்ட் பின்ஷோ அப்போது வாஷிங்டனில் வனப் பிரிவின் தலைவர். மாணவர்களைக் கோடை விடுமுறையில் மாதம் 25 டாலருக்குக் களத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் அவர்தான் கொண்டுவந்தார். சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குள் வர அது பெரிய வாசலாக இருந்தது.

இங்கே நமக்கு ஒரு நேரான தொடர்பும் உண்டு. பின்ஷோ ஐரோப்பாவில் படிக்கப் போனபோது வழிகாட்டியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். பர்மாவில் தேக்குக் காடுகளை நிர்வகித்து, 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியான ஜெர்மானியர். சென்னை மாகாணத்தின் 1882 வனச் சட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. நம் ஊர்க் காப்புக்காடுகளை வகுத்த அதே சிந்தனைதான் பின்ஷோ வழியாக மொன்டானா வரை போனது. ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

1905 பிப்ரவரியில் சுமார் 6.3 கோடி ஏக்கர் காப்புக்காடுகள் உள்துறையிலிருந்து வேளாண் துறைக்கு மாறின. வனச்சேவை என்ற அமைப்பு அந்த ஆண்டே பிறந்தது. கோக் மொன்டானா, வயோமிங் பக்கம் எல்லை பார்ப்பது, ஆய்வு செய்வது என்று குதிரையிலேயே சுற்றினார். பிறகு மிசூலாவில் லோலோ உள்ளிட்ட வனங்களுக்கு மேற்பார்வையாளர். அடுத்து வட்டார அலுவலகத்தில் மர மேலாண்மைப் பொறுப்பு. 1943-இல் ஓய்வு, 1954-இல் மறைவு.

ஆரம்ப கால ரேஞ்சர் தேர்வைப் பற்றி எழுதினால் பிள்ளைகள் கவனிப்பார்கள். எழுத்துத் தேர்வோடு களத் தேர்வும் உண்டு. குதிரைக்குச் சேணம் பூட்ட வேண்டும், சரக்கை அவிழாமல் கட்ட வேண்டும், திசைகாட்டி வைத்து நேர்கோட்டில் நடந்து தூரம் சொல்ல வேண்டும், மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்க வேண்டும். குதிரையும் தளவாடங்களும் ரேஞ்சரின் சொந்தச் செலவு. சம்பளத்தில் ஒரு பகுதி குதிரைத் தீவனத்துக்கே போகும் நிலையில் ஆள் நிற்க மாட்டார்கள் என்பது மேற்பார்வையாளர்களின் ஓயாத தலைவலி.

குடியேறிகள் சம்பந்தமாக இன்னொரு வேலையும் இருந்தது. 1906-இல் ஒரு சட்டம் வந்தது. வனத்துக்குள்ளேயே உழவுக்கு ஏற்ற நிலம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை கொடுக்கலாம். மனு வந்தால் அலுவலர் நேரில் போய் மண், சரிவு, தண்ணீர் பார்த்து எல்லை அளந்து அறிக்கை தர வேண்டும். உழவு என்று மனுப் போட்டு நல்ல மரமுள்ள இடத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. சும்மா ஒரு குழி தோண்டிவிட்டுச் 'சுரங்கம்' என்று உரிமை கேட்பவர்களும் உண்டு. குடியேறி வீட்டுப் பிள்ளை மற்றக் குடியேறிகளின் மனுவில் ஆம், இல்லை என்று எழுதும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கோக் வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் பகுதி இது.

செயின்66

மரம் அளப்பதை நான் சொல்கிறேன். மலரில் ஒரு பக்கம் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளி மைதானத்திலேயே செய்து பார்க்கலாம்.

அங்கே நில அளவையின் அடிப்படை 66 அடிச் செயின். 80 செயின் ஒரு மைல். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதைப் பதினாறாகப் பிரித்தால் 40 ஏக்கர்த் துண்டு, 20 செயினுக்கு 20 செயின். இந்த 40 ஏக்கரில் எல்லா மரத்தையும் எண்ண முடியாது. அதனால் ஒரு செயின் அகலத்தில் இரண்டு பட்டைகள் நேராக நடப்பார்கள். ஒரு பட்டை 2 ஏக்கர், இரண்டும் சேர்ந்து 4. அதாவது 10 சதவீத மாதிரி. கிடைத்த கன அளவைப் பத்தால் பெருக்கினால் துண்டின் மதிப்பீடு வந்துவிடும்.

ஆள் இருவர். ஒருவர் திசைகாட்டியைப் பிடித்து, அடி எண்ணி, ஓடை, முகடு எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிப்பார். மற்றவர் பட்டையின் இருபுறமும் 33 அடிக்குள் நிற்கும் மரங்களின் இனம், பருமன், எத்தனை 16 அடித் தடி தேறும் என்பதைக் குறிப்பார். பருமன் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மேட்டுப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். பில்ட்மோர் கோல் என்று ஒரு எளிய கருவி. கண்ணிலிருந்து 25 அங்குலத்தில் மரத்தோடு ஒட்டிக் கிடையாகப் பிடித்து, இடது ஓரம் கோலின் நுனியோடு சேர, வலது ஓரம் எந்த எண்ணில் விழுகிறதோ அதுவே விட்டம். தலையை ஆட்டக்கூடாது, கண்ணை மட்டும் நகர்த்த வேண்டும். நீள்வட்டமாக இருக்கும் மரத்துக்கு இரண்டு பக்கம் பார்த்துச் சராசரி.

பிழை எங்கே வரும்? பெரும்பாலும் சரிவில். தூரம் என்பது கிடைத்தூரம். 60 சதவீதச் சரிவில் ஒரு செயின் கிடைத்தூரத்துக்கு நிலத்தோடு 77 அடி போக வேண்டும். சமதரையில் பழகிய அடிக்கணக்கிலேயே மேடேறினால் 20 செயின் போனதாக நினைப்பீர்கள், உண்மையில் 17 செயின்தான் போயிருப்பீர்கள். மரக்கணக்கு சுமார் 14 சதவீதம் குறையும், எல்லை மூலைக்கல்லும் கிடைக்காது. இரண்டாவது பிழை உள்ளழுகல். வெளியே வழவழப்பாக நிற்கும் முதிர்ந்த வெள்ளைப் பைனின் உள்ளே நடுக்கட்டை (வைரம்) அழுகியிருக்கும். தண்டில் காளான் முளைத்திருந்தாலோ, பழைய தீக்காயம் இருந்தாலோ அந்தத் தடியைக் கழித்துவிட வேண்டும்.

வெட்டிய பிறகு நடப்பது வேறு கணக்கு. தடியின் சிறிய முனையில், பட்டை நீக்கிய விட்டத்தை அளந்து ஸ்கிரிப்னர் அட்டவணையில் பார்ப்பார்கள். 16 அடி நீளம், 16 அங்குல விட்டம் என்றால் 159 போர்டு அடி (ஓர் அடிச் சதுரம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை ஒரு போர்டு அடி), அதை 160 ஆக்கிக் கடைசிச் சுழியை விட்டுவிட்டு 16 என்று எழுதுவார்கள். 24 அங்குலம் என்றால் 40. விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடியது, பலகை இரண்டரை மடங்கு கூடிவிட்டது. பெரிய மரத்துக்கு ஏன் அவ்வளவு போட்டி என்பது பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்ணிலேயே விளங்கும்.

கோக் பின்னாளில் மர மேலாண்மைப் பொறுப்பில் இருந்தார் என்பதை மறக்காதீர்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு மரம், அதை வெளியே கொண்டுவர என்ன செலவு என்பது அவருக்குக் கைமனப்பாடம். உங்கள் 1935 கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

தாய்ப்பாத்தி

சாவனாக் நாற்றங்காலை யாரும் சொல்லவில்லையே. மொன்டானாவின் மேற்கு ஓரம், ஹாகன் என்ற சிற்றூர். 1907-இல் கோக் தேர்ந்தெடுத்துத் தொடங்கிய இடம். 1910 பெருந்தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, அந்த வட்டாரம் முழுவதற்கும் நாற்றுக் கொடுத்தது. மூடியது 1969. இப்போதும் கட்டடங்கள் நிற்கின்றன, 90-ஆம் எண் நெடுஞ்சாலையில் 16-ஆம் வெளிவழியில் இறங்கினால் பார்க்கலாம்.

மேற்கு வெள்ளைப் பைனின் கூம்பு முதிர இரண்டு பருவம் பிடிக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள், செதில் விரிவதற்கு முன் பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் விதை காற்றில் போய்விடும், முந்தினால் விதைக்குள் பருப்பு இருக்காது. நாலைந்து கூம்பை நெடுக்காக வெட்டி, பருப்பு கெட்டியாகி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்களை மரத்தில் ஏற்ற வேண்டும். பறித்ததைக் காற்றோட்டமாகப் பரப்பி, பிறகு மிதமான சூட்டில் உலர்த்தி, உருளையில் போட்டுச் சுழற்றினால் விதை உதிரும். சிறகு நீக்கிப் புடைத்தால் ஒரு பவுண்டில் சுமார் 27,000 விதை.

இந்த விதைக்கு உறக்கம் அதிகம். குளிரும் ஈரமும் சில வாரமாவது பட்டால்தான் முளைக்கும். இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிட்டால் பனியே அந்த வேலையைச் செய்துவிடும். வசந்தத்தில் காய்ந்த விதையை நேரே விதைப்பவருக்கு அந்த ஆண்டு பாத்தி வெறுமையாகக் கிடக்கும், அடுத்த ஆண்டு களையோடு சேர்ந்து முளைக்கும்.

முளைத்ததும் முதல் எதிரி நாற்றழுகல். மண்மட்டத்தில் தண்டு கருத்துச் சாய்ந்துவிடும். நெருக்கமாக விதைப்பதும், மாலையில் தண்ணீர் ஊற்றுவதும், சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணும் அதை வளர்க்கும். அமில மணல், காலைத் தண்ணீர், பாத்திமேல் பட்டிகைப் பந்தல் போட்டுப் பாதி நிழல், இதுதான் அன்றைய வைத்தியம். இரண்டு ஆண்டு தாய்ப்பாத்தி, ஒரு ஆண்டு மாற்றுப்பாத்தி என்றால் அதை 2-1 நாற்று என்று எழுதுவார்கள். மாற்றி நடுவதால் ஆணிவேர் ஓடாமல் சல்லிவேர் பெருகும். மலைச்சரிவின் கோடை வறட்சியைத் தாங்குவது அந்தச் சல்லிவேர்தான்.

பிடுங்குவது பனி உருகியதும், மொட்டு விரிவதற்கு முன். வேர் வெறுமையாக இருக்கும், அதனால் ஈரப்பாசி சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கோவேறு கழுதையில் மேலே அனுப்புவார்கள். நடும் இடத்தில் கொத்தினால் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் புல்லைச் சுரண்டி, குழி வெட்டி, வேரை நேராகத் தொங்கவிட்டு, மண் தள்ளிக் குதிகாலால் அழுத்த வேண்டும். 8 அடிக்கு 8 அடி என்றால் ஏக்கருக்கு 680 நாற்று.

நட்டது பட்டுப்போனால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேர் குழிக்குள் மடங்கி மேல்நோக்கித் திரும்பியிருக்கும். அப்படிப்பட்ட செடி ஐந்தாறு ஆண்டு நன்றாக வளர்ந்து பிறகு காற்றில் சாயும், யாருக்கும் காரணம் தெரியாது. அல்லது மண் அழுந்தாமல் காற்றறை விட்டிருக்கும். அல்லது நடுபவர் நாற்றுக் கட்டைப் பையிலிருந்து கையில் எடுத்து வெயிலில் ஆட்டிக்கொண்டே நடந்திருப்பார், சல்லிவேர் காய நாலைந்து நிமிடம் போதும். இந்த மூன்றாவதைத் தடுக்கத்தான் குழுவுக்கு ஒரு கண்காணி.

இவ்வளவு பாடுபட்டும் வெள்ளைப் பைனை வேறொன்று அழித்தது. ஐரோப்பிய நாற்றுகளோடு 1910-இல் வான்கூவர் வந்து சேர்ந்த கொப்புளத் துருநோய். பூசணத்தின் வாழ்க்கை பாதி பைனில், பாதி நெல்லிபோன்ற காய் காய்க்கும் ரைபீஸ் புதரில். புதரை ஒழித்தால் நோய் நிற்கும் என்று பல ஆண்டு ஆயிரக்கணக்கான ஆட்கள் வேரோடு பிடுங்கினார்கள். மண்ணில் தங்கிய ஒரு துண்டு வேரும் மீண்டும் துளிர்த்தது, புதைந்த விதைகளும் முளைத்தன. 1960களில் கைவிட்டார்கள். இன்று நடுவது நோய் தாங்கும் மரங்களிலிருந்து எடுத்த விதையின் நாற்று.

தீக்கோடு

இனி தீ. 1910 ஆகஸ்ட் 20, 21. வடக்கு ஐடஹோ, மேற்கு மொன்டானா. கோடை முழுக்க மழையில்லை. மின்னலாலும் ரயில் எஞ்சின் பொறிகளாலும் நூற்றுக்கணக்கான சிறு தீ ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. 20-ஆம் தேதி பிற்பகல் புயல்காற்று வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர். இறந்தவர்கள் குறைந்தது 85, அவர்களில் 78 பேர் தீயணைக்கப் போனவர்கள். வாலஸ் நகரில் மூன்றில் ஒரு பங்கு போனது. எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைச் சுரங்கக் குகைக்குள் ஓட்டி வாயிலில் ஈரப் போர்வை பிடித்து நின்றது அப்போதுதான். பலர் பிழைத்தார்கள், சிலர் உள்ளேயே புகையில் இறந்தார்கள். கோடாலியும் வாய்ச்சியும் ஒரே காம்பில் இருக்கும் அவருடைய கருவியை இன்றும் தீயணைப்பாளர் தூக்கித் திரிகிறார்கள்.

லோலோ வனத்தின் மேற்பார்வையாளராக அந்தக் கோடையைக் கடந்தவர் கோக். அதன் பிறகு வந்த கால் நூற்றாண்டு முழுக்க, புகை எழுந்ததும் ஆள் போய்ச் சேரும் ஏற்பாட்டைக் கட்டிய தலைமுறை அவருடையது. அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது?

முகட்டில் ஒரு கண்காணிப்புக் குடில். நடுவில் ஆஸ்போர்ன் தீகாட்டி. வட்டத் தட்டில் அந்தப் பகுதியின் வரைபடம், சுற்றிலும் 360 பாகை குறித்த வளையம், எதிரெதிராக ஒரு பார்வைத் துளையும் ஒரு குதிரைமயிர்க் குறியும். புகையின் அடிப்பகுதியை மயிர்க்கோட்டில் நிறுத்தினால் திசைக்கோணம் வரும். வேறொரு முகட்டிலிருந்தும் கோணம் வந்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம் தீ. செய்தி போவது மரத்துக்கு மரம் கட்டிய ஒற்றைக் கம்பித் தொலைபேசியில், மின்சாரம் திரும்பிவரும் பாதை பூமிதான். கம்பியை இறுக்கிக் கட்டாமல் தொய்வாக, நழுவும் வளையத்தில் விடுவார்கள். மரம் மேலே விழுந்தாலும் கம்பி தரைக்கு இறங்குமே தவிர அறாது.

தட்டைச் சரியாக வடக்கு நோக்கி வைக்காவிட்டால் எல்லாம் கெட்டது. ஒரு பாகைப் பிழை மைலுக்கு 92 அடி தள்ளும். 10 மைலில் 900 அடிக்கு மேல், அதாவது ஆள் முகட்டின் மறுபக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். அந்தப் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து கிழக்கே நன்றாக விலகி நிற்கும். கண்காணிப்பவர் உண்மை வடக்கில் சொன்னதை நடப்பவர் திருத்தாமல் காந்த வடக்கில் நடந்தால் வேறு பள்ளத்தாக்குக்கே போய்விடுவார்.

போகிறவர் பெரும்பாலும் ஒருவர், அல்லது இருவர். முதுகில் புலாஸ்கி, மண்வாரி, இரண்டு மூன்று நாள் உணவு, தலைவிளக்கு, வரைபடம். மின்னல் தாக்கிய காய்ந்த மரம் என்றால் அதைச் சாய்த்து, கீழ்ச்சரிவில் கட்டை உருளாமல் சிறு வாய்க்கால் வெட்டி, சுற்றிலும் சருகும் மட்கும் நீக்கிக் கனிம மண் தெரியும்வரை கோடு போட வேண்டும். மண்ணுக்கு மேல் ஒரு விரல் மட்கு விட்டாலும் நெருப்பு அடியிலேயே ஊர்ந்து மறுபக்கம் வரும். கோடு போட்டு முடிந்தது வேலையில் பாதிகூட இல்லை. வேர், பொந்து, சாம்பல் எல்லாவற்றையும் கிளறி, புறங்கையால் தடவிச் சூடு பார்க்க வேண்டும். புகை தெரியவில்லை என்று இறங்கிவந்த தீ மூன்றாம் நாள் பிற்பகல் காற்றில் எழுந்த நிகழ்வுகள் ஏராளம்.

இப்போது உங்கள் கேள்வி. 1934 ஆகஸ்டில் ஐடஹோவின் செல்வே பகுதியில் பீட் கிங், மெக்லெண்டன் பியூட் தீகள். ஆயிரக்கணக்கான ஆட்கள் இறங்கியும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஏக்கர் எரிந்தது, கடைசியில் அணைத்தது இலையுதிர் கால மழை. 1935-இல் துறைத் தலைவர் ஃபெர்டினண்ட் சில்காக்ஸ் '10 மணி விதி' கொண்டுவந்தார். தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் எந்தத் தீயும் கட்டுக்குள் வர வேண்டும், முடியாவிட்டால் அதற்கடுத்த நாள் 10 மணி. ஏன் 10? அதற்குப் பிறகு வெயில் ஏறி, ஈரப்பதம் இறங்கி, காற்று சரிவில் மேலேறத் தொடங்கும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வனவியல் இதழில் கோக்கின் கட்டுரை வந்தது. லோலோ பாதை மறைந்துபோனது பற்றி. 1805-இல் லூயிஸ், கிளார்க் ஆய்வுப் பயணக் குழு பசியோடு கடந்த பாதை, 1877-இல் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் ராணுவத்திடமிருந்து தப்பி வந்த பாதை. அதன்மேல் தீயணைப்பு வண்டி போக மோட்டார்ச் சாலை போட்டுவிட்டார்கள். வருத்தம் அந்தப் பாதைக்காகத்தான், ஆனால் வாதம் கணக்குப்பிள்ளையின் வாதம். மேல்மலை மரத்தை வெட்டி இறக்கினால் செலவுக்குக் கட்டாது. அதைக் காக்கும் செலவு மரத்தின் விலையைவிட அதிகம். அவ்வளவு செலவழித்தும் மோசமான ஆண்டுகளில் தீ தன் இஷ்டப்படிதான் எரிந்தது. ஆகவே அந்த உள்மலையைச் சாலையில்லாமல் விட்டுவிட்டு, பணத்தையும் ஆட்களையும் மதிப்புள்ள கீழ்க்காட்டில் வையுங்கள் என்றார்.

துறை கேட்கவில்லை. 1940 ஜூலை 12-இல் பாராசூட்டில் குதித்தே தீயணைக்கத் தொடங்கினார்கள், அதுவும் அதே மலைப்பகுதியில். பிறகு 1964-இல், சில காடுகளைச் சாலையில்லாமல் இயற்கையாகவே விட்டுவைக்கும் வனாந்தரச் சட்டம் வந்தது, செல்வே-பிட்டர்ரூட் அதில் சேர்ந்தது. 1972-இல் அந்த வனாந்தரத்தின் ஒயிட் கேப் பகுதியில்தான் மின்னல் தீயை வேண்டுமென்றே எரியவிட்டுப் பார்த்தார்கள். 10 மணி விதி 1978-இல் போனது.

கானகக்கணக்கு

தீக்கோடு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ஓரளவு மாறுபட்டும். 'கணக்குப்பிள்ளையின் வாதம்' என்று மட்டும் எழுதினால் பாதிதான். மரமதிப்பு குறைவு என்பதை எதிராளிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நீர்ப்பிடிப்பைக் காரணம் காட்டினார்கள். கோக் அவர்களோடு அந்தத் தளத்தில் மட்டும் நின்று பேசவில்லை. கழுதை வரிசை போகும் பாதைகளும் மனித நடமாட்டமில்லாத பள்ளத்தாக்குகளும் தம்மளவில் மதிப்புள்ளவை என்று ஒரு மர விற்பனை அதிகாரி எழுதினார் என்பதுதான் முக்கியம். அதற்காக அவரைத் தீயணைப்பையே எதிர்த்தவர் என்று காட்டிவிடாதீர்கள். கீழ்க்காட்டின் தீயை உடனே அணைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று: இதைப் படிக்கும் பிள்ளை "நானும் போகலாமா" என்று கேட்டால், இன்றைய வழி என்ன? பெற்றோர் எச்1பி விசாவில் இருக்கும் வீடுகளும் இங்கே நிறைய.

வழித்துணை

இரண்டு கதவுகள், இரண்டுக்கும் தேவை வேறு.

வனவியலாளர் பதவிக்குக் கூட்டாட்சி அரசின் பணி வகை எண் 0460. வனவியல் பட்டம் நேரடி வழி. வேறு அறிவியல் பட்டம் என்றால் உயிரியல், இயற்பியல், கணிதம், பொறியியல் பாடங்களில் மொத்தம் 30 செமஸ்டர் மணி, அதில் குறைந்தது 24 வனவியலில் இருக்க வேண்டும். மர அளவை, காட்டு வளர்ப்பு, வன மேலாண்மை போன்ற பாடங்கள் அந்த 24-க்குள் வர வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பட்டத்தின் பெயர் பொருத்தமாகத் தெரியும், மணி குறையும். அதனால் இரண்டாம் ஆண்டிலேயே பாடப்பட்டியலைத் தகுதிப் பட்டியலோடு வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மிசூலாவில் உள்ள மொன்டானா பல்கலைக்கழகம் 1910களிலிருந்தே இந்தப் படிப்பு நடத்துகிறது.

கோடைத் தீயணைப்பு வேலைக்குப் பட்டம் தேவையில்லை. 18 வயது, ஏறக்குறைய 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி, பிறகு உடல்தகுதிச் சோதனை: 45 பவுண்டு சுமையோடு சமதரையில் 3 மைல், 45 நிமிடத்துக்குள். ஓடக்கூடாது, நடைதான். பலர் தோற்பது மூச்சால் அல்ல, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தசை பிடித்துக்கொள்வதால். எட்டு வாரம் முன்பே 20 பவுண்டில் தொடங்கி வாரம் சில பவுண்டாகக் கூட்டி, தேர்வுக்குப் போடும் அதே காலணியில் பழக வேண்டும்.

விசா பற்றி: கூட்டாட்சி வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குச் சிக்கலில்லை. பச்சை அட்டை உள்ளவர் மாநில வனத்துறை, பழங்குடி வனத்துறை, மரக்கம்பெனி, ஆலோசனை நிறுவனம் ஆகியவற்றில் தொடங்கலாம், ஒவ்வொன்றின் விதியும் வேறு, விளம்பரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எச்1பி பெற்றோரைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறது என்றால் படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

குடும்பமாக ஒரு கோடைப் பயணம் போவதென்றால் மிசூலாவிலிருந்து மேற்கே போங்கள். நைன்மைல் கழுதை நிலையம் 1930-இல் தொடங்கியது, தீக்குழுக்களுக்குச் சரக்குக் கழுதைகளை லாரியில் ஏற்றி அனுப்பிய இடம். ஒரு கழுதைக்குச் சுமார் 150 பவுண்டு, இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் சில பவுண்டு கூடினாலும் சேணம் சரிந்து முதுகு புண்ணாகும் என்று அங்கே நேரிலேயே காட்டலாம். அப்புறம் சாவனாக். எல்லை தாண்டினால் வாலஸ், அங்கிருந்து புலாஸ்கி குகைக்கு ஒருவழி 2 மைல் நடை. பழைய லோலோ மோட்டார்ச் சாலை இன்று 500-ஆம் எண் வனப்பாதை. ஜூலை தொடக்கம்வரை பனி கிடக்கலாம், தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும், இடையில் பெட்ரோலும் கைபேசி அலைவரிசையும் கிடையாது. இரண்டு உதிரிச் சக்கரம், வெட்டுவாள், நிறையத் தண்ணீர் இல்லாமல் ஏறாதீர்கள். கிளம்பும் முன் ரேஞ்சர் அலுவலகத்தில் சாலை நிலவரமும் அன்றைய தீ நிலவரமும் கேட்டுக்கொள்ளுங்கள்.